மடக்குக் கத்தியை வாங்கலாமா

அந்த ஆனி மாதம் பதினோரு பெண்கள் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். கேள்வி சின்னதுதான். நான் கம்பத்தில் வாங்கி வந்த மடக்குக் கத்தியை எல்லோரும் வாங்கலாமா, வேண்டாமா? மூன்று வாரம் வேலையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன்.

கேரளத்து மலையில், சக்குபள்ளம் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் எங்களுக்கு வேலை. என் வீடு எல்லையோரக் கம்பம்மெட்டில். காலையில் கம்பத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி மலையேறி வரும். ஜங்ஷனில் என்னையும் பக்கத்து வீட்டுக்காரியையும் ஏற்றிக்கொள்ளும். அவளை மதினி என்றுதான் கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை. பதினாறு வருடமாகச் சேர்ந்து வேலைக்குப் போய் வந்த பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட முறை அது.

ஏலக்காட்டில் கத்தி இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓடாது. செடியின் காய்ந்த தண்டுகளை, தட்டை என்போம், அறுக்க வேண்டும். மருந்தடிக்கிற ஓஸில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்தை நறுக்கிப் போட்டுவிட்டு இரண்டு பக்கத்தையும் இணைக்க வேண்டும். உரச்சாக்கைப் பிரிக்க, செடியைக் கட்டிய நைலான் கயிற்றை வெட்ட, எதற்கும் கத்திதான். எல்லோருமே சின்னக் கத்தி ஒன்றை உறைகூட இல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தோம். முதல் மழையில் எங்களில் ஒருத்தி சரிவில் வழுக்கி உட்கார்ந்தாள். இடுப்பில் இருந்த கத்தி தொடையில் இறங்கிவிட்டது. மறுநாள் காலை மலையாளி சூப்பர்வைசர், சேட்டன் என்போம், எங்களை வரிசையாக நிற்க வைத்து, இனி யாரும் இடுப்பில் கத்தி வைக்கக்கூடாது, மடக்குக் கத்தி போதும் என்று அவர் பாஷையில் சொன்னார்.

"இனி ஆரும் அரையில கத்தி வச்சோண்டு வரண்டா. மடக்கு கத்தி மதி. கேட்டோ?"

கேட்டது. ஆனால் மடக்குக் கத்தி என்றதும் நான் என் விரலைத்தான் பார்த்தேன். கல்யாணமான புதிதில் ஓஸ் அறுக்கும்போது ஒரு மடக்குக் கத்தி என் ஆள்காட்டி விரல் மேலேயே மடங்கியிருக்கிறது. இன்றைக்கும் அந்த நகம் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. "பூட்டு இல்லாத கத்திய யாரும் வாங்கிராதீங்க. நான் போயிப் பாத்து ஒன்னு வாங்கிட்டு வாரேன். அதுக்கப்புறம் வாங்கிக்கிடலாம்" என்றேன். அப்படித்தான் அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

கம்பத்து இரும்புக் கடைக்காரர் மூன்று கத்திகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் அலகைப் பிடிக்க ஸ்பிரிங் மட்டும்தான் இருந்தது, பூட்டு கிடையாது. அதைத் தொடவே இல்லை. இன்னொன்று பொத்தானை அழுத்தினால் சடக்கென்று வெளியே பாய்ந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு செக்போஸ்ட் வழியாகப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. மூன்றாவதுதான் பரவாயில்லை என்று தோன்றியது. அலகை விரித்ததும் கைப்பிடிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய தகடு பக்கவாட்டில் வந்து அலகின் அடியில் முட்டி நின்றுகொள்ளும். கட்டைவிரலால் அந்தத் தகட்டைத் தள்ளினால்தான் கத்தி மடங்கும்.

"எதுக்கும்மா, ஆட்டுக்கறி அறுக்கவா?" என்றார் கடைக்காரர்.

"ஏலக்காட்டுக்குண்ணே. மழையில, சேத்துல, நாள் பூராக் கையில இருக்கும்."

"அப்ப இதான். பூட்டு அசையாது."

வீட்டுக்கு வந்ததும் கதவு நிலையில் அலகின் முதுகை வைத்து என் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். அசையவில்லை. அம்மிக்கல்லின் ஓரத்தில் முதுகை நாலு தட்டுத் தட்டினேன். அப்போதும் அசையவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "கத்தி வாங்கிட்டு வந்தியா, இல்ல அதோட சண்ட போடக் கூட்டிட்டு வந்தியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு பேருடைய விரல்கள் என் கணக்கில் இருந்தன.

முதல் வாரம் கத்தி நன்றாகவே உழைத்தது. ஓஸை ஒரே இழுப்பில் அறுத்தது. கைப்பிடியில் வரிவரியாகக் கோடு போட்டிருந்ததால் ஈரத்திலும் வழுக்கவில்லை. சட்டைப்பையில் வைத்தால் இருப்பதே தெரியாது. வேலைக்கு வரும்போது சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வோம். அந்தப் பைக்கு அளவெடுத்தது போல இருந்தது. நைலான் கயிறு அறுத்தால் கூர் மழுங்கிவிடுகிறது என்பது ஒன்றுதான் குறை. அதற்குச் சாணைக்கல் இருக்கிறது. இரண்டாவது வாரத்தில் பலர் அன்றைக்கே வாங்கிவிடலாம் என்று பறந்தார்கள். நான்தான் மூன்று வாரம் ஆகட்டும் என்று பிடித்து வைத்தேன்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, ஒரு தட்டையின் அடியில் கத்தியைக் குத்தி நெம்பினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அலகு ஒரு நூல் அளவு பின்னால் சாய்ந்து நின்றது. மடங்கவில்லை, சாய்ந்தது அவ்வளவுதான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஏலத்தட்டையின் சாறும் மண்ணும் சேர்ந்து களிம்பு போலத் தகட்டுக்குப் பின்னால் அடைந்திருந்தது. தகடு நடுவரைக்கும் வரவில்லை, அலகின் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நின்றது. ஓடைத் தண்ணீரில் அலசி ஈர்க்குச்சியால் சுரண்டிவிட்டேன். சரியாகிவிட்டது. மறுநாள் மதியத்துக்குள் மறுபடி அடைத்துக்கொண்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை இப்போது எழுதும்போதுகூடக் கூசுகிறது. இவ்வளவு ஆராய்ந்து வாங்கினேன் என்ற பெருமை என்னைச் சொல்லவிடவில்லை. எண்ணெய் விட்டால் சரியாகும், சனிக்கிழமைக்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மழை விடாமல் கொட்டியது. பிக்கப்பின் பின்பக்கம் கம்பி வளைவுகள் மேல் தார்ப்பாய் போட்டிருக்கும். நாங்கள் ஏறியதும் டிரைவர் அண்ணன் பின்கதவைச் சாத்தி, அதன் மேல் தார்ப்பாயை இறக்கி, வெளியிலிருந்து கயிறு போட்டு இறுக்கிவிட்டார். சாரல் உள்ளே அடிக்கக்கூடாது என்று நாங்கள்தான் முந்தின நாள் அவரிடம் சண்டை போட்டிருந்தோம். உள்ளே நீல வெளிச்சம். ஈரத்துணி வாடை, தூக்குவாளியிலிருந்து குழம்பு வாடை. நான் இடது பக்கப் பலகையில் கடைசி ஆள், மதினி எனக்கு அடுத்து.

தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்து மண் ரோட்டுக்குத் திரும்பியதும் எதிரில் இருந்த ஒருத்தி கேட்டாள். "என்னக்கா, நாளைக்கு மூணு வாரம் முடியுது. வாங்கலாமா, வேணாமா?"

"நாளைக்குச் சொல்றேன்."

மதினி என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்கே சொன்னா என்ன? ஏ புள்ள, என்னத்தையோ மறைக்கிற நீ."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் வலது பக்கச் சக்கரத்தின் கீழே ரோடு உட்கார்ந்தது. வண்டி வேகமாகக் கவிழவில்லை. மெதுவாக, நிதானமாக, இதோ விழப்போகிறேன் என்று சொல்லிவிட்டு விழுவது போலச் சாய்ந்தது. இடது வரிசையில் இருந்த நாங்கள் ஆறு பேரும் எதிரில் இருந்தவர்கள் மேல் போய் விழுந்தோம். அதற்குப் பிறகு சத்தம்தான். யார் கத்துகிறார்கள், எது யாருடைய கால் என்று ஒன்றும் தெரியவில்லை. என் வலது கை முழங்கை வரை மதினியின் முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

முன்னாலிருந்து டிரைவர் அண்ணனின் குரல் கேட்டது. "ஆடாதீங்கம்மா! யாரும் ஆடாதீங்க! கீழ பள்ளம். மரத்துல முட்டி நிக்கிது வண்டி!"

"வந்து கயித்த அவுத்து விடுங்கண்ணே!" என்று யாரோ அலறினாள்.

"கால் மாட்டிக்கிச்சும்மா, வர முடியல!"

அடியில் கிடந்தவர்களில் ஒருத்தி மூச்சு விட முடியவில்லை என்று முனகினாள். அவளை விடுவிக்க மேலே கிடந்தவர்கள் புரண்டார்கள். வண்டி ஒரு முறை குலுங்கியது. கீழே மண் பொலபொலவென்று சரிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. எல்லோரும் உறைந்துபோனோம். பிறகு டீசல் வாடை வந்தது. "தீப்பிடிக்கப் போகுது" என்று ஒரு குரல். அதற்குப் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை.

தார்ப்பாயின் விளிம்புக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை, அவ்வளவு இறுக்கம். அப்போதுதான் இடது கை சட்டைப்பைக்குப் போனது.

கத்தி வலது கைக்காரர்களுக்காகச் செய்தது. இடது கையால் அலகு வெளியே வரவில்லை. பல்லால் அலகின் முதுகைக் கடித்து இழுத்தேன். விரிந்தது. 'டக்' என்று பூட்டு விழும் சத்தம் கேட்டதா? அந்தக் கூச்சலில் எப்படிக் கேட்கும்? விரல் நுனியால் தகட்டைத் தடவினேன். அது ஓரத்தில்தான் நின்றது.

மூன்று வாரத்தில் அந்தக் கத்தியைப் பற்றி நான் தெரிந்துகொண்டது எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குத் தேவைப்பட்டது. கூர்ப்பக்கத்தால் இழுத்து அறுத்தால் அலகு இன்னும் விரியத்தான் பார்க்கும், மடங்காது. குத்தும்போதுதான் ஆபத்து. ஆனால் குத்தாமல் எங்கே அறுக்க ஆரம்பிப்பது?

"அய்யோ, கத்திய எடுத்துட்டா!" என்று யாரோ கத்தினாள். "வேணாம்க்கா! இத்தன பேருக்கு நடுவுல வேணாம்!"

குத்தினேன். தார்ப்பாய் தொளதொளவென்று வெளியே உப்பியது, நுனி உள்ளே இறங்கவில்லை. ஈரத்தில் வழுக்கிய கத்தி கீழே வந்தது. பின்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த மதினியின் முன்கையில் அது இறங்கியதை என் கை உணர்ந்தது. துணியை அறுப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

மதினி அலறினாள். "வெட்டிப்புட்டியேடி! கீழ போடு! அதக் கீழ போட்டுரு!"

"போடுக்கா! கீழ போடு!" என்று மற்றவர்களும் கத்தினார்கள். வண்டியைவிட அவர்களுக்கு என் கையில் இருந்ததுதான் அப்போது பெரிய பயம். எனக்கும்தான். இடது கையில் இருந்த ஈரம் மழையா, மதினியின் ரத்தமா என்று தெரியவில்லை.

நான் போடவில்லை. "தார்ப்பாய இழுத்துப் பிடிங்க!" என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். அடியில் கிடந்த ஒருத்தி, யார் என்று முகம் தெரியவில்லை, இரண்டு கைகளை மட்டும் மேலே நீட்டித் தார்ப்பாயைக் கொத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தாள். துணி விறைத்தது. அந்தக் கைகளிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குத்தினேன். பூட்டு கழன்றது. அலகு என் விரல் பக்கம் திரும்பியது. திரும்பி வந்து விரலைக் கடித்த அதே நேரத்தில் நுனி துணிக்குள் இறங்கியும் விட்டது. கையை எடுக்காமல் அப்படியே பக்கவாட்டில் இழுத்தேன். கத்தி நிமிர்ந்துகொண்டது. சர்ரென்று கிழிந்து வெள்ளை வெளிச்சம் உள்ளே வந்தது.

பின்பக்கம் இருந்தவர்கள் முதலில், ஒவ்வொருவராக, வண்டியை அசைக்காமல் ஊர்ந்து வெளியே போனோம். மதினியை நானும் இன்னொருத்தியும் தூக்கி இறக்கினோம். கடைசி ஆள் இறங்கியதும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடியும் எண்ணினேன்.

பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடி வந்து டிரைவர் அண்ணனைக் கம்பி வைத்து நெம்பி எடுத்தார்கள். கணுக்கால் வீங்கியிருந்தது, எலும்பு முறியவில்லை. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, வீக்கம். வண்டி அங்கேயே, அந்த மரத்தில் முட்டியபடியே, மத்தியானம் வரை நின்றது. டிராக்டர் கொண்டுவந்து இழுத்தபோதுகூட ஓர் அடி சரியவில்லை. தீயும் பிடிக்கவில்லை. அத்தனை பேரிலும் பெரிய காயம் மதினியின் கைதான்.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துப் பார்த்த நர்ஸ், எதனால் வெட்டுப்பட்டது என்று மலையாளத்தில் கேட்டாள். "சேச்சி, இது எந்து கொண்டா முறிஞ்ஞது?"

"தகரம்" என்றாள் மதினி, என்னைப் பார்க்காமல்.

"தகரம் இல்ல. கத்தி. நான்தான்" என்றேன்.

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் காயத்தைக் கழுவினாள். ஒன்பது தையல். தையல் போடும்போது மதினியின் மற்றக் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கிட்டே போனேன். அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நாங்கள் வேறு வண்டியில் வேலைக்குப் போனோம். மதினி வரவில்லை. வண்டிக்குள் பேச்சு மெதுவாக மாறியிருந்தது. "பத்து நிமிஷம் பொறுத்திருந்தா ஆளுக வந்து கயித்த அவுத்திருப்பாங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "அப்ப யாருக்குத் தெரியும்?" என்றாள். "இல்ல, சொன்னேன்" என்றாள் முதலாமவள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் தப்பு இல்லை. இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டின்போது எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டேன். இந்தக் கத்தியை வாங்காதீர்கள். கூர் நன்றாக இருக்கிறது, பிடி நன்றாக இருக்கிறது. ஆனால் சாறும் மண்ணும் பட்டால் பூட்டு சரியாக விழாது. இடது கையால் திறக்க முடியாது. நமக்கு இவ்வளவு கூரான நுனியும் தேவையில்லை. நாம் செய்கிற எந்த வேலைக்கும் குத்துவது இல்லை, அறுப்பதுதான். பூட்டு புதன்கிழமையே காட்டிக்கொடுத்துவிட்டது, நான்தான் சொல்லாமல் வைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். பிறகு அடியில் கிடந்து தார்ப்பாயை இழுத்துப் பிடித்தவள், அது யார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பிடிச்சிருக்க மாட்டேன்க்கா. பயந்திருப்பேன்" என்றாள்.

மதினி வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவள் புருஷன்தான் வாசலில் வந்து பேசினார். தையல் பிரிக்கிற அன்று அவருக்கு லோடு இறக்கப் போக வேண்டியிருந்தது. நீ கூட்டிப் போகிறாயா என்று அவரே வந்து கேட்டார். பஸ்ஸில் நாங்கள் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். திரும்பி வரும்போது, புளியன்மலை தாண்டியதும், அவளாகப் பேசினாள்.

"வெட்டுனதுக்குக் கோவம் இல்ல புள்ள. கீழ போடு, கீழ போடுன்னு அம்புட்டுக் கத்துனேன்ல. கேக்காத மாதிரியே இருந்தியே. அதுக்குத்தான்."

"கேட்டுச்சு மதினி."

"தெரியும்" என்றாள்.

பஸ் இரண்டு வளைவு திரும்பியது. பிறகு அவள் கையை என் மடியில் வைத்தாள். "இந்தா, இங்க தொடு. சுண்டுவிரல் பக்கம் மரத்துப் போச்சு. தொட்டா எனக்குத் தெரிய மாட்டேங்குது." தொட்டேன். தழும்பு இன்னும் சிவப்பாக, மேடாக இருந்தது. "இப்பத் தெரியுதா?" என்றேன். "ம்ஹூம்." கொஞ்சம் மேலே நகர்த்தினேன். "இப்ப?" "அங்கன தெரியுது." எதுவரை உணர்ச்சி இருக்கிறது என்று கம்பம்மெட்டு வரும்வரை இருவரும் தேடிக்கொண்டே வந்தோம்.

ஆடி பிறந்ததும் அவள் வேலைக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் இப்போது நுனி மொட்டையான, வளைந்த அலகுள்ள சின்னக் கத்தி வைத்திருக்கிறோம். அது மடங்காது. கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொள்கிறோம். சூப்பர்வைசர் சேட்டன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது குழப்பமில்லா" என்று, பரவாயில்லை என்கிற அர்த்தத்தில், திருப்பிக் கொடுத்தார். வண்டியின் தார்ப்பாயை வெளியிலிருந்து கட்டக் கூடாது என்று ஒரு நாள் எல்லோரும் ஜங்ஷனிலேயே இறங்கி நின்றுவிட்டோம். டிரைவர் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே உள்பக்கம் கொக்கி வைத்தார். மழைநாளில் அந்தக் கொக்கிக்குப் பக்கத்து இடத்தில் மதினிதான் உட்காருவாள். வண்டி மண் ரோட்டுக்குத் திரும்பும்போது மரத்துப்போகாத கையால் அதைக் கழற்றிவிடுவாள். சாரல் எங்கள் மேல் அடிக்கும். நனைந்துகொண்டே போவோம்.